ஒன்பது வயதுக்கு இரண்டு பாவாடை

அக்கா,

இன்று காலை கடைவீதியில் ஒரு துணிக்கடையில் பட்டுப் பாவாடை கேட்டேன். விற்பனைக்கு நின்ற பெண் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, "எத்தனை வயசுப் பிள்ளைக்கு மேடம்?" என்றாள்.

"ஒன்பது."

"வளர்ற பிள்ளை. ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கங்க, அடுத்த வருசத்துக்கும் ஆகும்."

"வேணாம்மா. ஒன்பதுக்கே குடு."

பச்சையில் அரக்குக் கரை போட்ட ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். பிடித்திருந்தது. அதே அளவில் மஞ்சளில் இன்னொன்று எடுக்கச் சொன்னேன். "ரெட்டைப் பிள்ளைகளா?" என்று முகம் மலர்ந்து கேட்டாள். இல்லை என்றேன். முப்பது வருடம் யார் யாரிடமோ கேள்வி கேட்டு எழுதிப் பிழைத்தவள், ஒரு கடைப்பெண்ணின் கேள்விக்குப் பதில் இல்லாமல் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வருடா வருடம் இதையே உன்னிடமும் கேட்டிருப்பார்களே. நீ என்ன சொன்னாய்?

பேருந்து நிலையத்து வாசலில் மருக்கொழுந்து வாங்கி அந்தப் பைக்குள்ளேயே வைத்தேன். தாடிக்கொம்புப் பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் வாசம் எழுந்தது. புதுத்துணியின் கஞ்சி வாசமும் மருக்கொழுந்தும் கலந்தது. கன்னிப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதேதான். ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருப்பதுபோலத் திரும்பினேன். யாரோ ஒரு அம்மா முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

நீ இறந்த வருடம் தீட்டு என்று தையில் யாரும் படைக்கவில்லை. இந்தத் தையில் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

வீட்டில் மணமாகாமல் இறந்த பெண்பிள்ளை கன்னியாக இருந்து குடும்பத்தைக் காப்பாள் என்று நம் பக்கத்தில் பல வீடுகளில் நம்புகிறார்கள். தையில் ஒரு வெள்ளிக்கிழமை கன்னிப் பெட்டியில் புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன் வைத்துப் பொங்கலிட்டுப் படைக்க வேண்டும். போன வருடத்துத் துணியை எடுத்து வீட்டிலிருக்கும் சின்னப் பெண்ணுக்கு உடுத்திவிட வேண்டும். நம் வீட்டுக் கன்னி பொன்னுத்தாயி. அம்மாவுக்குத் தங்கை, மாமாவுக்கு அக்கா. ஒன்பது வயதில் போனவள். அவளுக்கு வலக்கையில் கட்டைவிரல் இரண்டு.

சூடம் காட்டும்போதெல்லாம் அம்மா அவள் கதையைச் சொல்லுவாள். வார்த்தை மாறாது. "வெளுத்து வெளுத்து சம்பங்கியாட்டம் ஆயிட்டா. தொட்ட எடமெல்லாம் நீலம் பாரிச்சுச்சு. ஈறுல ரத்தம் கசிஞ்சுச்சு. ஒரு நா எங்கிட்ட பூ வெச்சுவிடச் சொன்னா. வெச்சுவிட்டேன். அன்னைக்கே சாமியாயிட்டா." நாம் இருவரும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். பிறகு பொங்கலுக்குக் கை நீட்டுவோம்.

அம்மாவின் கடைசித் தம்பி மாமா. பூச்சந்தைக்குச் சம்பங்கி போடுகிற இரண்டு ஏக்கர் தோட்டமும் கிணறும் அவர் பங்கு. அவருக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்தபோது அம்மா அழுதே காரியத்தை முடிக்கப் பார்த்தாள். "வீட்டுல ரெண்டு பொண்ண வெச்சுக்கிட்டு எந்தம்பிக்கு வெளியில போயி பொண்ணு எடுப்பாகளா?" நான் அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தேன். நீ பூக்கட்டிக்கொண்டிருந்தாய். தலை நிமிராமல், "நான் கட்டிக்கிறேன். அவ படிக்கட்டும்" என்றாய். பின்னால் கேட்டபோது, "நான் மாட்டேன்னா அடுத்து உன்னையத்தானே கேப்பாக" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில்தான் நான் பேருந்து ஏறிக் கல்லூரிக்குப் போனேன், பத்திரிகைக்குப் போனேன், கீரனூர்ப் பக்கத்திலிருந்து நமக்கு எந்த வழியிலும் சொந்தமில்லாத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

உனக்குப் பத்து வருடம் பிள்ளை தங்கவில்லை. கன்னிக்கு நீ நேர்ந்துகொள்ளாத வெள்ளிக்கிழமை இல்லை. கடைசியில் ஒரு பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா துணியை விலக்கிப் பிள்ளையின் கையைப் பார்த்தாள். வலக்கையில் கட்டைவிரல் இரண்டு. அம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். "ஏ ஆத்தா! வந்துட்டியா! பாருங்கடி, பொன்னுத்தாயி திரும்பி வந்துருக்கா!"

பிரசவம் பார்த்த டாக்டர், சின்ன ஆபரேஷனில் எடுத்துவிடலாம் என்றார். மாமா அவரை முறைத்த முறையில் அவர் பேச்சை மாற்றிக்கொண்டார். முதுகில் பால் காப்பி சிந்தியதுபோல ஒரு மச்சம் இருந்தது. அதையும் அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொன்னி என்று பெயர் வைத்தோம். எந்த வருடம் கன்னிக்கு வைத்த துணியை அடுத்த வருடம் எடுத்தாலும் அது பொன்னிக்குத்தான். தன் துணியைத் தானே உடுத்திக்கொள்கிறாள் என்றுதான் ஊரே பேசியது.

அவள் சாமி மாதிரி இருந்ததேயில்லை, ஞாபகம் இருக்கிறதா? வாயாடி. பள்ளிக்கூடத்தில் எவனோ "பதினோரு விரலு" என்று கேலி செய்ததற்கு, "நான் பதினொண்ணு வரைக்கும் கையிலேயே எண்ணுவேன். நீ பத்தோட நிப்பாட்டிக்கணும், போடா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு இரண்டு வயதில் தம்பி கதிர் பிறந்திருந்தான். அவனுக்கு இரண்டு கையும் எல்லாரையும் போல இருந்தன. "இவனுக்கு ஒண்ணு கம்மி" என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். என் சுட்டுவிரலை அந்த இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டு சந்தைக்கு வருவாள். அந்தப் பிடியை உதற முடியாது.

எட்டு வயதில் அவள் ஓடுவதை நிறுத்தினாள். கிணற்று மேட்டில் ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தாள். முழங்காலில் நீலம். "எங்கடி விழுந்த?" என்று நீ கேட்டாய். "விழவேயில்லம்மா." ஒரு நாள் பல் துலக்கிய எச்சிலில் ரத்தம் வந்ததை நீ எனக்குத் தொலைபேசியில் சொன்னாய். உன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான்தான் அம்மாவின் கதையை நினைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றேன். நீயும் அதைத்தான் நினைத்திருப்பாய். இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மதுரையில் ரத்த நோய் பார்க்கும் அந்தப் பெண் டாக்டர், ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் பொன்னியின் கையைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். அப்புறம் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். அப்புறம் மாமாவைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றார்.

"என் அக்கா மகதேன்" என்றார் மாமா, பெருமையோடு.

"வீட்டுல இதே மாதிரி வேற பிள்ளை யாருக்காவது?"

அம்மா முன்னால் வந்தாள். சூடம் காட்டும்போது சொல்லுகிற அதே கதையை, வார்த்தை மாறாமல், அந்த அறையில் சொன்னாள். வெளுத்தது, நீலம் பாரித்தது, ஈறில் ரத்தம், பூ, சாமி. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து நாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்ட கதையை அவர் நோயாளியின் வரலாறாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா முடித்ததும், "அந்தப் பிள்ளைக்கும் இதேதாம்மா இருந்திருக்கும்" என்று மெதுவாகச் சொன்னார்.

ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்து உறுதி செய்தார்கள். ஃபான்கோனி ரத்தசோகை என்பது அதன் பெயர். மாமா அதை ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை. நீ 'அந்த நோவு' என்பாய். டாக்டர் உன்னைப் பார்த்துத்தான் விளக்கினார். "ஒவ்வொருத்தர் உடம்புலயும் உயிரணுவுக்குள்ள இருக்கற நூல் அங்கங்க அறுந்துக்கிட்டேதான் இருக்கும். அதை ஒட்டிச் சரிபண்ண உடம்புலயே வழி இருக்கு. இந்தப் பிள்ளைக்கு அந்த வழி பிறக்கும்போதே இல்ல."

நீ கேட்டாய்: "நாரு அறுந்தா முடிச்சுப் போட்டுத் தொடுக்குறோமே, அது மாதிரியா?"

"அதேதான். முடிச்சுப் போட ஆள் இல்ல. அதனால ரத்தம் ஊறுற மஜ்ஜை முதல்ல ஓய்ஞ்சுபோகும். அப்புறம் தப்பும் தவறுமா வளர ஆரம்பிக்கும். அதைத்தான் ரத்தப் புற்றுநோய்ங்கறோம்."

பொன்னிக்கு இரண்டாவதும் தொடங்கியிருந்தது. மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்தை அதே அளவில் கொடுத்தால் அவள் உடம்பு தாங்காது என்றார்கள். குறைத்துக் கொடுத்து நோயை அடக்கி வைத்துக்கொண்டு, பொருந்துகிற ஒருவரின் மஜ்ஜையை ஏற்ற வேண்டும். கூடப்பிறந்தவர் என்றால் நல்லது. கதிரின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். பொருந்தியது.

அந்த ஒரு வாரம் நம் வீட்டில் கல்யாணக் களை இருந்தது. கதிருக்கு ஆறு வயது. தாடிக்கொம்பில் டீக்கடைக்காரர், பேருந்து நடத்துநர், உரக்கடைக்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. "எங்க அக்காவுக்கு நாந்தேன் ரத்தம் குடுக்கப் போறேன்." தினமும் இரண்டு முட்டை சாப்பிட்டான். "எனக்கு இல்ல, இது அக்காவுக்கு" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொள்வான். பொன்னி படுத்தபடியே, "இவன் ரத்தம் ஏறுனா எனக்கும் மூக்கு ஒழுகுமாம்மா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் டாக்டர் அடுத்ததைச் சொன்னார். மஜ்ஜை எடுப்பதற்கு முன்னால் கதிருக்கும் அதே சோதனை செய்தாக வேண்டும்.

மாமா கதிரின் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து விரித்தார். "பாருங்க டாக்டர். அஞ்சும் அஞ்சும் பத்து. இவனுக்கு என்ன சோதனை?"

"கையில தெரியாமலும் இருக்கும் சார். இதே நோய் உள்ள மஜ்ஜையை ஏத்தினா அந்தப் பிள்ளை பிழைக்காது. இவனுக்கும் நாம கெடுதல் பண்ணதா ஆகும்."

வெளியே வராந்தாவில் மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வேணாம். பயமுறுத்துறாக. வேற ஆஸ்பத்திரியில கேப்போம். தெரியாம இருக்குற வரைக்கும் பயலுக்கு ஒண்ணுமில்ல." அம்மா அதற்குத் தலையாட்டினாள். என் தொழிலில் எதையும் தெரிந்துகொள்வதுதான் நல்லது என்று பழகியிருந்தேன். அன்று அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பாதி நம்பிக்கையைப் பணயம் வைத்து முழு உண்மையைக் கேள் என்று ஒரு தாயிடம் யார் சொல்வது?

நீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாய். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் நீ அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாய். "ஏ மாமா, ஒரு பிள்ளையக் காப்பாத்த இன்னொரு பிள்ளையக் கண்ணக் கட்டிக் கிணத்துல எறக்கச் சொல்றியா?" நீ உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாய். ஊசி குத்தும்போது கதிர் அழவில்லை. அக்காவுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

முடிவு வந்த நாளில் டாக்டர் நம்மை உட்காரச் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கதிருக்கும் அந்த நோவு இருந்தது. பத்து விரலோடு, ஒரு மச்சம்கூட இல்லாமல், இருந்தது.

எனக்கு அந்த அறையில் நடந்தது பாதிதான் ஞாபகம். மாமா தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டார். வெளியே கதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்த அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். அவனிடம் யார் சொல்வது என்று நாங்கள் மூன்று பேரும் உன்னைப் பார்த்தோம். நீ அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாய்.

"அப்பு, உன் ரத்தம் இப்ப அக்காவுக்கு வேணாமாம். உனக்கே வேணுமாம்."

அவன் கையிலிருந்த முட்டையைப் பார்த்தான். "அப்ப இது?"

"நீ தின்னுய்யா. உனக்குத்தேன்."

அவன் தின்னவில்லை. இன்றுவரை அவன் முட்டை சாப்பிடுவதில்லை.

பொன்னி அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. வேறு யாரிடமாவது தேடலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் வந்து நுரையீரலுக்கு இறங்கியது. பூ வைத்துவிடச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று நீ கட்டிலைவிட்டு நகராமல் இருந்ததை நான் பார்த்தேன். பூவே அந்த அறைக்குள் வரக்கூடாது என்று மாமாவிடம் சொல்லியிருந்தாய். சந்தைக்குப் பூப் போட்டுவிட்டு வருகிறவர் வெளியே சட்டையை உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார். பூ இல்லாமலே அவள் போனாள். அவளுக்கும் ஒன்பது வயது.

இரண்டு வருடம் கழித்துக் கதிரின் ரத்தம் குறையத் தொடங்கியது. இந்த முறை நாம் முன்னாலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம், அதனால் புற்று இன்னும் தொடங்கவில்லை. தானம் தருகிறவர் வெளியில் கிடைக்கவில்லை. டாக்டர்தான் சொன்னார், "சித்தி, மாமான்னு மத்த சொந்தத்துல பொருந்தறது ரொம்ப அபூர்வம். ஆனா உங்க வீட்டுல ரத்தம் திரும்பத் திரும்ப உள்ளுக்குள்ளேயே வந்திருக்கு. பார்த்துடலாம்." எல்லாரும் கையை நீட்டினோம்.

நான் பொருந்தினேன்.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அந்த நோவின் பாதி என்னிடமும் இருக்கிறது. எல்லா மரபணுவும் நமக்கு இரண்டிரண்டாக வருகின்றன, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும், நமக்கு ஒன்றும் ஆகாது. அம்மா, மாமா, நீ, நான் எல்லாரும் அப்படித்தான் பழுதான ஒன்றையும் நல்ல ஒன்றையும் வைத்துக்கொண்டு தெரியாமல் நடமாடினோம். இரண்டுமே பழுதாக ஒரு பிள்ளைக்கு வந்துசேர்ந்தால்தான் வினை. பழுது உள்ள என் மஜ்ஜையைத் தரலாமா என்று கேட்டேன். பாதி என்றால் தரலாம், ரத்தம் சரியாகத்தான் ஊறும் என்றார் டாக்டர்.

அப்போது நீ கேட்டாய். "கதிருக்குப் பொருந்துதுன்னா..." நிறுத்தி, மறுபடியும் தொடங்கினாய். "ரெண்டு பிள்ளைக்கும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதுன்னு அப்பச் சொன்னீகளே டாக்டர். அப்ப பொன்னிக்கும் இவ பொருந்தியிருப்பாளா?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "பொருந்தியிருப்பாங்கம்மா."

பொன்னி கிடந்த நாளெல்லாம் நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். தேடிக்கொண்டிருந்தது அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. நேரமும் இருக்கவில்லை. நீ என் பக்கம் திரும்பி, என் தோளில் சரிந்திருந்த புடவையை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டு, "காலையில சாப்டியாடி?" என்றாய். அதைப் பற்றி நீ அதன் பிறகு பேசியதேயில்லை. நானும் பேசவில்லை.

என் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து அவனுக்கு ஏற்றினார்கள். மாதக்கணக்கில் நீ அவனோடு சென்னையில் ஓர் அறையில் கிடந்தாய். அவன் பிழைத்து எழுந்தான்.

சில வருடங்கள் கழித்துப் பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றும் நிணநீர்ப் புற்றும் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பரம்பரையாக வருவதில்லை என்பதை முதல் பத்தியிலேயே வைத்தேன், ஏனென்றால் அதுதான் உண்மை. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஆபத்து கூடுதலாக இருக்கும். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு ரத்தப் புற்று வரும் வாய்ப்பு அதிகம். எதிர்ப்புச் சக்தி குறைவாகப் பிறக்கும் சில பிள்ளைகளுக்கு நிணநீரில் வரலாம். சொந்தத்தில் கட்டினால் எல்லாப் பிள்ளையும் நோயோடு பிறக்காது, ஆனால் ஒளிந்திருக்கும் பழுது இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்துவிட வாய்ப்பு கூடும். கூடுதல் விரலோடு பிறக்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு எந்தக் கெடுதலும் இல்லை. எல்லாம் சரிபார்த்து எழுதியது. நீ எழுத்துக்கூட்டி முழுவதும் படித்துவிட்டு, தாளை மடித்து என்னிடம் தந்தாய்.

"நெசத்தைத்தேன் எழுதியிருக்க. ஆனா பொன்னி இதுல இல்லையேடி."

நீதான் வீட்டுப் பேச்சு வெளியில் வரக்கூடாது என்றாய் என்று நினைவுபடுத்தினேன். "ஆமா, சொன்னேன்" என்றாய். பூவைத் தொடுக்கத் தொடங்கினாய். நான் கிளம்பிச் செருப்பைத் தேடும்போது சொன்னாய்:

"அம்மா சொன்னது பொய்யில்ல புள்ள. பொன்னுத்தாயி வந்தா, அது நெசந்தேன். எதுக்கு வந்தான்னுதான் நாம கேக்கல. இன்னொரு பிள்ளைக்கு இது இருக்கு, பாத்துக்கங்கன்னு சொல்ல வந்துருக்கா. கையத் தூக்கிக் காட்டிக்கிட்டே பிறந்தா. நாம அவளுக்குப் பாவாடை எடுத்துக் குடுத்து உக்கார வெச்சுட்டோம்."

நான் செருப்பை மாட்டாமல் நின்றேன்.

அதன் பிறகும் நீ படைப்பதை நிறுத்தவில்லை. பெட்டியில் இரண்டு பாவாடை வைத்தாய், இரண்டு ரிப்பன். ஆனால் ஒன்றை மாற்றினாய். பழைய துணியை நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு உடுத்தக் கூடாது என்றாய். "நம்ம ரத்தத்துல யாருக்கும் வேணாம். வெளியாளுக புள்ளைக்குக் குடு." துணியில் ஒன்றும் ஒட்டிக்கொள்வதில்லை என்று உனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாய்.

இன்று படைத்தேன் அக்கா. மாமா விறகு தள்ளிக்கொண்டிருந்தார். அவர் விளைவித்த சம்பங்கியை வாசலோடு வைத்துவிட்டு வந்திருந்தார், இன்னும் உள்ளே கொண்டுவருவதில்லை. அதனால்தான் மருக்கொழுந்து. கதிர் வடமதுரையில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறான். கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் வந்தான். வந்ததும் வராததுமாக வாசலில் நிறுத்தி, "வாயத் திற" என்றேன். அவனுக்கு ரத்தம் மட்டும்தான் மாறியது. உடம்பின் மற்ற இடமெல்லாம் பழையபடி முடிச்சுப் போட ஆளில்லாமல்தான் இருக்கிறது. வாயிலும் தொண்டையிலும் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று வருடம் இரண்டு முறை டாக்டர் பார்க்கிறார். நடுவில் நான் பார்க்கிறேன். நீ பார்த்ததுபோல.

"ஏன் சித்தி, சாமி கும்பிட வந்தீகளா, டாக்டரு வேலைக்கு வந்தீகளா?"

"திறடா."

"முறைப்படி பாத்தா நீங்க எனக்கு அத்தை மக. எங்கப்பாவோட அக்கா பொண்ணு. மரியாதையாப் பேசுங்க."

"ஆமாடா, தாலி வாங்கிட்டு வந்திருக்கியா? ஆ காட்டு."

சிரித்துக்கொண்டே திறந்தான். கைபேசி வெளிச்சத்தில் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு கன்னத்தின் உட்பக்கமும் பார்த்தேன். ஒன்றுமில்லை. இன்றைக்கு ஒன்றுமில்லை. அவன் உடம்பில் ஓடுவது என் ரத்தம். இடது பக்கம் திரும்பிப் படுக்கும்போது இடுப்பெலும்பில் ஒரு சின்ன வலி வரும். வந்தால் அவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

சூடம் ஏற்றியதும், படைப்புக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவுக்கும் உனக்கும் பிறகு, கதையைச் சொல்லுகிற முறை இப்போது என்னுடையது. அம்மா சொன்ன வார்த்தைகளையே தொடங்கினேன். வெளுத்து வெளுத்து என்று வந்ததும் நிறுத்தி, அதற்குப் பெயர் என்ன என்று சொன்னேன். யார் யாருக்குச் சோதித்தோம், இன்னும் யாருக்குச் சோதிக்க வேண்டும் என்று சொன்னேன். பொன்னி பதினொண்ணு வரைக்கும் எண்ணுவாள் என்பதையும் சொன்னேன். கட்டிக்கொள்ளும் முறையுள்ள, கல்யாண வயதில் இருந்த இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தலை குனிந்தார்கள். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வரும் குடும்பத்தில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். பழைய பாவாடைகள் அவளுக்குப் போயின. அவளுடைய அம்மா நன்றி சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த கைக்குழந்தையை என்னிடம் கொடுத்து, "செத்த நேரம் வெச்சுக்கங்கம்மா" என்று பெரியவளுக்குப் பாவாடை கட்டிவிடப் போனாள்.

கையில் கொடுக்கிற எந்தப் பிள்ளைக்கும் நான் முதலில் அதைத்தான் செய்கிறேன். மூடிய கையைப் பிரித்துப் பார்ப்பேன். அம்மாக்கள் கொஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பிள்ளைக்கும் பார்த்தேன். ஐந்துதான். மற்றக் கையும் ஐந்துதான். அது என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டது.

நல்ல பிடி. ஆனாலும் என் விரல் அசையாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, இன்னொரு கட்டைவிரல் வந்து இறுக்கட்டும் என்று.